விளியில் நிலைத்த சொல்: ‘மச்சா’வின் பிறப்பும் பயணமும்

மலேசிய ஆங்கிலத்தின் கொச்சைவழக்கில் ‘மச்சா’ என்றொரு சொல் உலவுகிறது. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் வடபால், நெல்வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ அமைந்த தாசேக் கெலுகோரில் அதை நாள்தோறும் கேட்கலாம். தமிழர் தமிழரை அழைக்க மட்டும் அது பயன்படுவதில்லை. மலாய் இளைஞரும் சீன இளைஞரும் தம்முள் பேசும் கலவை ஆங்கிலத்திலும் அது தயக்கமின்றி வந்து அமர்கிறது. ‘நண்பா’ என்பது அங்கே அதன் முதற்பொருள். ‘இந்திய ஆடவன்’ என்பது இரண்டாம் பொருள். தமிழிலோ மச்சான் என்பது உறவுமுறைப் பெயர். மனைவியின் உடன்பிறந்தானையும், உடன்பிறந்தாளின் கணவனையும், மாமன் மகனையும், அத்தை மகனையும் சுட்டுவது. குருதியாலும் மணத்தாலும் ஒரு தொடர்பும் இல்லாதார் நாவில், வேறொரு மொழியின் கொச்சையாக, இவ்வுறவுப்பெயர் எவ்வாறு குடியேறியது? ஒலியியலும் இலக்கணமும் மானிடவியலும் சேர்ந்து விடை சொல்ல வேண்டிய வினா இது.

நூல்வழக்குச் சொல்லின் பிறப்பை ஆராய்வார்க்கு ஏடுகள் துணை நிற்கும். இன்ன நூற்றாண்டில் இன்ன நூலில் இன்ன வடிவில் வந்தது என்று படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லலாம். கொச்சைச் சொல்லுக்கு அந்த வாய்ப்பு அரிது. அது எழுதப்படும் காலத்திற்குள் இரண்டு தலைமுறையேனும் பேசப்பட்டிருக்கும். நம் இலக்கணிகள் இத்தகைய சொற்களைப் புறக்கணிக்கவில்லை என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும். வழக்கைப் பகுத்த பவணந்தியார், சிதைந்து வழங்கும் சொல்லுக்கு மரூஉ என்றும், ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் வைத்து வழங்கும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்றும் தனித்தனி இடம் வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை உரைகாரர் எடுத்துக்காட்டுவர். ‘மச்சா’ வடிவத்தால் மரூஉ. வழக்கால் குழூஉக்குறியாய்த் தொடங்கிப் பின்னர்க் குழுவின் எல்லையைக் கடந்தது. எழுத்துச் சான்று இல்லாதவிடத்துச் சொல்லின் உடம்பையே சான்றாகக் கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஒலியும் தான் வந்த வழியின் தடத்தைத் தாங்கியிருக்கும்.

அவ்வுடம்பில் முதலில் நோக்கத்தக்கது அதன் ஈறு. தமிழ்ப் பெயர் ‘மச்சான்’. கடன் வாங்கப்பட்ட வடிவம் ‘மச்சா’. னகர மெய் எங்கே போயிற்று?

இதற்கு விடை காணுமுன், மலாய் மொழி தமிழிலிருந்து பெற்ற பழஞ்சொற்களை நிரல்படுத்திப் பார்க்க வேண்டும். கடை ‘கெடாய்’ ஆயிற்று. பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. கட்டில் ‘காத்தில்’ ஆயிற்று. வணிகத்திற்கு இடும் முதல் ‘மொடால்’ ஆயிற்று. கப்பலும் திரையும் ஏறத்தாழ அவ்வாறே நின்றன. மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆயிற்று. தாசேக் கெலுகோருக்கு வடக்கே, இன்றைய கெடா மாநிலத்தில், சோழர் கடாரம் என்றழைத்த நாடு இருந்தது. முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025-ஆம் ஆண்டளவில் அங்குச் சென்றது. போருக்கு முன்னும் பின்னும் வணிகம் நடந்த கரை அது. இச்சொற்கள் அனைத்தும் சரக்கோடும் சந்தையோடும் கலந்தவை. இவற்றின் வடிவத்தைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று தெளிவாகும்: எல்லாம் எழுவாய் வடிவிலேயே, பெயர் பெயராகவே, சென்று சேர்ந்திருக்கின்றன. கட்டிலை யாரும் கூவி அழைப்பதில்லை. சுட்டிக்காட்டி, பெயர் சொல்லி, விலை பேசுவர். கேட்டவர் அந்தப் பெயரையே கைக்கொண்டனர்.

மாந்தரைக் குறித்த சொற்கள் அவ்வாறு செல்லவில்லை. மலேசிய உணவுக்கடைகளில் பரிமாறும் இந்தியரை எல்லா இனத்தாரும் ‘ஆனே’ என்று அழைக்கின்றனர். இது ‘அண்ணன்’ அன்று, ‘அண்ணே’. மச்சான் சென்ற வடிவம் ‘மச்சா’. இவ்விரண்டும் எட்டாம் வேற்றுமை, அதாவது விளி. ஒருவரைப் பற்றிப் பேசும் வடிவத்தை விட்டு, ஒருவரை முன்னின்று அழைக்கும் வடிவத்தை மட்டும் பிறமொழியார் எடுத்துக்கொண்டிருக்கின்றனர். என் ஆராய்ச்சியின் நடுப்புள்ளி இதுவே. பொருட்பெயர் எழுவாயாகக் கடன் போயிற்று. மாந்தர் பெயர் விளியாகக் கடன் போயிற்று. தமிழறியா ஒருவர் பக்கத்து வீட்டுத் தமிழரின் வாயிலிருந்து நூறு முறை கேட்பது ‘என் மச்சான் வந்தான்’ என்னும் முழுத் தொடரை அன்று. முற்றத்தின் குறுக்கே எறியப்படும் ‘மச்சா!’ என்னும் ஒற்றை ஓசையைத்தான். தொடருக்குள் புதைந்த சொல்லை அயலார் பிரித்தறிய மாட்டார். தனித்து, உரக்க, திரும்பத் திரும்ப ஒலிக்கும் சொல்லே அவர் காதில் பதியும். ஆகவே விளிவடிவம் என்பது வெறும் இலக்கணச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. இச்சொல் அகராதி வழியாகவோ பள்ளி வழியாகவோ செல்லவில்லை, தெருவில் காது வழியாகச் சென்றது என்பதற்கு அது கைம்மேற் சான்று.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளிக்கென்றே ஓர் இயல் வகுத்துள்ளார். விளிமரபு என்பது அதன் பெயர். எந்த ஈற்றுப் பெயர் அழைக்கும்போது எவ்வாறு திரியும் என்று எழுத்தெழுத்தாக அங்கே பேசுகிறார். னகர ஈற்று உறவுமுறைப் பெயர்கள் ஏகாரம் ஏற்று விளியாகும் என்பது அவர் கூறும் விதிகளுள் ஒன்று. அண்ணனே என்று விளித்தது பேச்சில் சுருங்கி அண்ணே ஆனதற்கு அடிப்படை அவ்விதியே. ஆன் என முடியும் பெயர்கள் விளியிலும் திரியாமல் இயல்பாக நிற்கும் என்பதும் அவ்வியலிலேயே உள்ளது. அதன்படி மச்சான் அழைப்பிலும் மச்சானாகவே நிற்க வேண்டும். எழுத்தில் நிற்கவும் செய்கிறது. ஆனால் இன்றைய பேச்சுத்தமிழில் சொல்லின் ஈற்றில் வரும் னகரமும் மகரமும் முழு மெய்யாக ஒலிப்பதில்லை. நாக்கு அண்ணத்தைத் தொடாமலே மூச்சின் ஒரு பகுதி மூக்கு வழியே போக, முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுகிறது. வந்தான், மரம், அவன் முதலியவற்றைப் பேச்சில் ஒலித்துப் பார்ப்பவர் இதைத் தாமே உணரலாம். மச்சான் என்பதும் அவ்வாறே மூக்குயிரில் முடிகிறது. உரக்க அழைக்கும்போது உயிர் நீள, மூக்கொலி மேலும் மெலிகிறது.

மூக்குயிர் இல்லாத மொழியினர் இவ்வொலியைக் கேட்டால் என்ன செய்வர்? இங்கேதான் இலங்கையையும் மலேசியாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தருகிறது. சிங்களவர் இதே சொல்லைத் தம் பேச்சிலும், அங்கு வழங்கும் ஆங்கிலத்திலும் ‘மச்சங்’ என்று வழங்குகின்றனர். 2008-இல் வெளிவந்த, இலங்கைப் போலி ‘ஹேண்ட்பால்’ அணியொன்றின் கதையைச் சொல்லும் திரைப்படத்திற்கும் இச்சொல்லே பெயர். சிங்களத்தில் சொல்லீற்று மூக்கொலி ஙகரமாக ஒலிக்கும் இயல்புடையது. ஆகவே தமிழின் மெலிந்த மூக்குயிரை அவர்கள் உயிரும் ஙகரமும் எனப் பிரித்துக்கொண்டனர். மலாய்க் காதுகளோ அந்த மெல்லிய மூக்கொலியைக் கணக்கில் கொள்ளாமல் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டன. ஒரே ஒலி இரு கரைகளில் இரு வேறு முறையில் தீர்க்கப்பட்டிருக்கிறது. மூலம் முழு னகரமாக ஒலித்திருந்தால் மலாயில் னகரம் தங்கியிருக்கும். ஏனெனில் அம்மொழியில் சொல்லீற்று னகரம் இயல்பாக வரும். தங்காமையே மூலம் பேச்சுவடிவம் என்பதை மெய்ப்பிக்கிறது. சிங்களத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘மஸ்ஸினா’ என்னும் சொல்லும் உண்டு. அது உறவைச் சுட்டும் பெயர்ச்சொல். மச்சங் அழைக்கும் சொல். பெயரும் விளியும் இரு தனி வழிகளில் ஒரே மொழிக்குள் நுழைந்ததற்கு இதனினும் தெளிவான காட்டு வேண்டா.

இடையில் நிற்கும் சகர இரட்டையும் பேசுகிறது. தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே தனித்து வரும் சகரம் பசி, ஆசை, காசு என்பவற்றிற்போல மெலிந்து உரசொலியாகும். இரட்டித்தால் மட்டுமே பச்சை, எச்சில் என்பவற்றிற்போல வல்லோசை நிலைக்கும். மலாயில் மெய் இரட்டிப்பதில்லை. ஆகவே இரட்டிப்பு நீங்கிற்று, வல்லோசை எஞ்சிற்று. ஒற்றைச் சகரம் கொண்ட மூலத்திலிருந்து இவ்வடிவம் வந்திருக்க முடியாது. இறுதியாக, ஈற்று ஆகாரம். தென்பகுதி மலாயில் சொல்லீற்று அகரம் மங்கி, வாயின் நடுவே ஒலிக்கும் குற்றுயிராகிவிடும். கெடா, பினாங்கு வட்டார மலாயிலோ அது தெளிந்த அகரமாகவே நிற்கும். தாசேக் கெலுகோர் இவ்வடமலாய் வழங்கும் நிலம். தமிழ் மச்சாவின் விரிந்த ஈற்றுயிர் இங்குள்ள மலாய் நாவிற்கு அயலொலியாகத் தோன்றவே இல்லை. தம் வீட்டுச் சொல்லைப்போல அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

இனி, தமிழுக்குள்ளேயே இச்சொல்லின் முன்வரலாறு. மைத்துனன் என்பது பழைய வடிவம். ஆண்டாள் பாடலிலேயே அது காணப்படுகிறது. பேச்சில் ஐகாரம், இகரம் ஆகியவற்றின் பின்வரும் தகர இரட்டை அண்ணமாகிச் சகரமாகும். வைத்து ‘வச்சு’ ஆகிறது. படித்து ‘படிச்சு’ ஆகிறது. ஐந்து ‘அஞ்சு’ ஆவதும் இவ்வினமே. அவ்வாறே மைத்துனன் மச்சுனனாகி, மச்சினனாகி, மச்சான் என்று முடிந்தது. கன்னடத்து மைதுனனும் மராத்தியின் மெகுணாவும் இதன் சுற்றத்தார். வடமொழி மைதுனச் சொல்லிலிருந்து இவையெல்லாம் கிளைத்தன என்பார் பலர். வேர் எம்மொழியதாயினும், மாமன் மகனையும் மனைவியின் உடன்பிறந்தானையும் ஒரே பெயரில் அடக்கும் பொருள் தென்னாட்டு மணமுறையில் விளைந்தது. வடிவ வரலாற்றைவிடப் பொருள் வரலாறே இங்குப் பெரிது.

அப்பொருள் வரலாற்றை அறிவுலகம் நெடுங்காலமாக ஆய்ந்து வருகிறது. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட உறவுமுறைப் பெருநூலில் தமிழ் உறவுப்பெயர்களைத் திரட்டி, வட அமெரிக்கப் பழங்குடியினராகிய செனெக்காவினர் முறையோடு ஒப்பிட்டார். பிரெஞ்சு மானிடவியலர் லூயி துய்மோன் 1953-இல் எழுதிய கட்டுரையில் திராவிட உறவுப்பெயர்கள் மணத்தின் வெளிப்பாடு என்று நிறுவ முற்பட்டார். தாமஸ் டிரவுட்மன் 1981-இல் ‘திராவிட உறவுமுறை’ என்னும் நூலில் இவ்வாய்வை விரித்தார். இவர்கள் கண்ட உண்மையைத் தமிழர் எவரும் வீட்டிலேயே அறிவர். ஒரு தமிழனுக்கு அவன் தலைமுறையில் உள்ள ஆடவர் இரு பாலராகப் பிரிவர். தந்தையின் உடன்பிறந்தான் மக்களும் தாயின் உடன்பிறந்தாள் மக்களும் அண்ணன் தம்பியர், பங்காளிகள். தாய்மாமன் மக்களும் அத்தை மக்களும் மச்சான்மார்; கொள்வினை கொடுப்பினைக்கு உரியவர். பங்காளியோடு நிலம் உண்டு, வரப்பு உண்டு, ஆகவே வழக்கும் உண்டு. மச்சானோடு பங்கிட வேண்டியது ஒன்றுமில்லை. அவன்மேல் உரிமை எடுக்கலாம், அவனைக் கேலி செய்யலாம், அவன் கேலியையும் பொறுக்கலாம்.

உறவினருள் சிலரோடு கேலி பேசுவதே கடமையாக அமையும் முறைமையைக் குறித்து ராட்கிளிஃப் பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. மண உறவால் இரு குடும்பங்கள் இணைந்தும் பிரிந்தும் நிற்கும் நிலையில் எழக்கூடிய உரசலைக் கேலி தணிக்கிறது என்பது அவர் கருத்து. நம் திருமண வீடுகளில் மச்சான் முறையார் மாப்பிள்ளையைப் படுத்தும் பாட்டை இக்கருத்தின் ஒளியில் காணலாம். நண்பனைக் குறிக்க இளைஞர் இவ்வுறவுப்பெயரைத் தேர்ந்ததன் காரணம் இப்போது விளங்குகிறது. தம்பி என்றால் அவன் கீழ். அண்ணன் என்றால் அவன் மேல். மாமா என்றால் முந்திய தலைமுறை. இவற்றுள் எதுவும் தோழமைக்கு ஒத்துவராது. மச்சான் ஒருவனே ஒத்த தலைமுறையும் கேலி உரிமையும் பங்கில்லாப் பாசமும் உடையவன். மேலும் இவ்வுறவு இருபுறமும் ஒரே பெயர் தாங்குவது. நான் உனக்கு மச்சான் என்றால் நீயும் எனக்கு மச்சான்.

இதே உறவு வட இந்தியாவில் பட்ட பாடு வேறு. மனைவியின் உடன்பிறந்தானைக் குறிக்கும் ‘சாலா’ என்னும் இந்திச் சொல் வசைச்சொல்லாக இழிந்துவிட்டது. பெண் கொடுத்த வீட்டார் பெண் கொண்ட வீட்டாரினும் தாழ்ந்தவர் என்னும் மணமுறை அங்கே வலுவாக நின்றமையால், ஒருவனைச் சாலா என்பது அவனைத் தாழ்த்துவதாயிற்று. கொள்வதும் கொடுப்பதும் மாறிமாறி நிகழும் தென்னாட்டில் மைத்துனன் தாழ்ந்தவன் ஆகவில்லை. ஒரே உறவு, ஒருபுறம் வசை, மறுபுறம் அன்பு. கொச்சைச் சொல்லின் அடியில் ஒரு குமுகாயத்தின் மணமுறையே படிந்து கிடப்பதை இதைக்காட்டிலும் துலக்கமாகக் காட்டும் ஒப்பீட்டை நான் அறியேன்.

இச்சொல் தாசேக் கெலுகோர் வந்த வழியைப் பார்ப்போம். ஊர்ப்பெயர் மலாய், தாசேக் என்பது ஏரி, கெலுகோர் என்பது புளிப்பான பழந்தரும் மரம். அப்பழத்தைச் சீவி உலர்த்திய வில்லைகள் பினாங்கின் ஆசாம் லக்சாவுக்குப் புளிப்பூட்டுகின்றன. 1800-இல் கெடா அரசிடமிருந்து ஆங்கிலேயர் பெற்று வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயரிட்ட நிலப்பட்டையில் இவ்வூர் அடங்கும். 19-ஆம் நூற்றாண்டில் அம்மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும், 20-ஆம் நூற்றாண்டில் இரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மேஃபீல்டு, மலாக்கோப் எனும் தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அக்காலத்தின் அடையாளங்கள். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஓங்கிற்று. கங்காணி தன் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்று தன் சுற்றத்தையும் ஊராரையும் அழைத்துவந்தார். இந்திய அரசு 1938-இல் இவ்வாறு கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்து நிறுத்தும்வரை அது தொடர்ந்தது.

சொல் வரலாற்றுக்கு இந்தக் கங்காணி முறை இன்றியமையாதது. ஒப்பந்த முறையில் தனியாட்கள் வந்தனர். கங்காணி முறையில் உறவுகள் வந்தன. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், அடுத்தடுத்த கதவுகளில் உண்மையான மாமனும் உண்மையான மச்சானும் குடியிருந்தனர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போதும், பால்மரம் வெட்டி வாளி சுமந்து வரும்போதும், மாலையில் பந்து விளையாடும்போதும் இவ்விளிகள் ஓயாது ஒலித்தன. இப்‘பிரட்டு’ என்னும் சொல்லே, அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தொழிலாளர் காதால் கேட்டுத் தம் நாவுக்கேற்பச் செதுக்கியது. துரையின் சொல் லயத்திற்கு வந்ததும், லயத்தின் சொல் ஊருக்குப் போனதும் ஒரே வழியில்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு இளைஞர் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்த 1970-களிலும் அதன் பின்னருமே, மலாயரும் சீனரும் தமிழரும் ஒரே வேலைக்கூடத்தில் நின்று ஒரு கலவை ஆங்கிலத்தில் பேசும் நிலை பரவிற்று. மச்சா உறவுப்பெயராய் இருந்து பொதுக்கொச்சை ஆனது இந்தப் பெயர்வில்தான் என்பது என் கணிப்பு. பெங்களூரு இளைஞரின் ஆங்கிலத்திலும் இதே ‘மச்சா’ வழங்குவதை நோக்குக. வேறு நகரம், வேறு காலம். ஆயினும் கலப்பு நகரத்தில் காதால் பெற்றதால் அதே விளிவடிவம்.

‘மாமாக்’ என்னும் சொல் இதைவிடச் சிக்கலானது. தமிழ் முசுலிம்கள் நடத்தும் உணவுக்கடையை மலேசியர் மாமாக் கடை என்பர். மலேசிய ஆங்கிலத்தில் ‘மாமாக் போவோம்’ என்பது பெருவழக்கு. தமிழ் ‘மாமா’ இதன் மூலம் என்று பொதுவாகக் கூறுவர். ஆனால் சுமத்திராவின் மினாங்கபாவு மக்கள் தாய்மாமனை ‘மாமாக்’ என்றே அழைக்கின்றனர். தாய்வழிக் குமுகாயமாகிய அவர்களிடையே அது உயர்ந்த பதவியும்கூட. இரண்டில் எது மூலம்? மழலைச் சொற்களின் பிறப்பை ஆய்ந்த ரோமன் யாக்கப்சன், மகரமும் பகரமும் ஆகாரமும் குழந்தை வாயில் முதலில் எழும் ஒலிகளாதலின், தொடர்பே இல்லாத மொழிகளிலும் உறவுப்பெயர்கள் ஒத்திருக்கும் என்று 1960-இல் விளக்கினார். ஆகவே ஒலியொற்றுமை மட்டும் இங்குச் சான்றாகாது. ஈற்றுக் ககரத்தைப் பார்க்க வேண்டும். மலாயில் அது ககரமாக ஒலிப்பதில்லை. தொண்டையில் மூச்சை அடைத்து நிறுத்தும் ஓரொலி. காகாக், ஆடிக், பாப்பாக், ஏமாக், நேனேக் என உறவுப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் அதுவே நிற்கிறது. ஆத்திரோனேசிய மொழி அறிஞர் ராபர்ட் பிளஸ்ட் 1979-இல் இதை ஒரு பழைய விளியுருபின் எச்சம் என்று நிறுவினார். அஃதாவது மலாயும் தன் உறவுப்பெயர்களை விளிவடிவிலேயே நிலைப்படுத்திக்கொண்ட மொழி. தமிழ் வணிகரை அவர் வீட்டார் ‘மாமா’ என்று விளித்தது கேட்ட மலாயர், தம் விளியீற்றை அதன்மேல் இயல்பாகவே பொருத்தியிருப்பர். மினாங்கபாவுச் சொல் அவ்வடிவத்திற்கு ஏற்கெனவே இடம் அமைத்துத் தந்திருக்கலாம். ஆனால் பினாங்கில் அச்சொல் சுட்டுவது மினாங்கபாவுத் தாய்மாமனை அன்று, தமிழ் முசுலிமை. பொருள் தமிழ்ப்பக்கமே சாய்கிறது.

ஒலியொற்றுமை ஏமாற்றும் இடங்கள் இன்னும் உள. ஆங்கில அகராதிகளில் ‘மச்சான்’ என்றொரு சொல் காணப்படும். அது வேட்டைக்காரர் மரத்தின்மேல் அமைக்கும் பரண்; இந்தியிலிருந்து சென்றது. நம் வீட்டு மச்சுக்கு உறவானது, மைத்துனனுக்கு அன்று. மலாயில் ‘ஆனே’யை ஒத்த ஒலியுடைய சொல்லொன்றுக்கு விந்தையானது என்று பொருள், அண்ணனோடு அதற்குத் தொடர்பில்லை. வடிவம், பொருள், வழங்கும் இடம், சென்ற வழி நான்கும் பொருந்தினாலொழிய உறவு கற்பித்தல் தகாது.

ஆங்கிலக் கொச்சை இந்திய உறவுப்பெயரை ஏற்றது இது முதன்முறையும் அன்று. நண்பனைக் குறிக்க ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வழங்கும் ‘பால்’ என்னும் சொல், இங்கிலாந்தில் அலைந்து வாழ்ந்த ரோமா மக்களின் மொழியில் ‘உடன்பிறந்தான்’ எனப் பொருள்படுவது. வடமொழி ‘பிராத்ரு’ என்பதன் வழிவந்தது. இந்தியாவிலிருந்து பலநூறு ஆண்டுகளுக்குமுன் மேற்கே பெயர்ந்த மக்கள், தெருவோரத்தில், எழுத்தின் துணையின்றி அதைக் கையளித்தனர். காதால் கேட்ட பிறமொழி ஓசையைத் தம் நாவுக்கு வசதியாக மாற்றிக்கொள்ளும் இயல்புக்கு ஆங்கிலேயரே வைத்துக்கொண்ட பெயர் ‘ஹாப்சன்-ஜாப்சன்’. முகர்ரம் ஊர்வலத்தில் எழும் ஹசன், ஹுசைன் பெயர்களின் அரற்றலை ஆங்கிலப் படைவீரர் கேட்டுத் திரித்தது அது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னலும் ஹென்றி யூலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த அகராதிக்கும் அதுவே பெயராயிற்று. அந்தப் படைவீரர் கேட்டதும் விளிதான் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். 2016-இல் ஆக்சுபோர்டு அகராதியில் ஏறிய ‘ஐயோ’வும் ஐயனை விளித்த ஓலத்தின் வழிவந்ததாகக் கருதத்தக்கதே.

விளி நட்பை மட்டும் சுமந்து செல்வதில்லை, தரத்தையும் சுமக்கிறது. ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவின் அலுவலகங்களில் கடிதம் சுமந்தும் தேநீர் கொணர்ந்தும் ஏவல் செய்த தமிழருக்கு ‘தம்பி’ என்பதே பதவிப்பெயராயிற்று. பேரன் எடுத்த முதியவரும் துரையின் மேசையருகே தம்பிதான். தமிழில் அச்சொல்லில் உள்ள பரிவு கடல் கடந்தபோது உதிர்ந்துவிட்டது. கீழோன் என்னும் ஒரு கூறே தங்கிற்று. காரணம் சொல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. தம்பி என்று அழைத்தவரைத் திரும்ப அவ்வாறே அழைக்க முடியாது. அலுவலகத் தம்பி துரையை என்றும் தம்பி என்றதில்லை.

மச்சாவின் இரண்டாம் பொருளாகிய ‘இந்திய ஆடவன்’ என்பது எனக்குக் கவலை தருவது இதனால்தான். முகமறியா ஒருவரை அவர் நிறம் கண்டு மச்சா என்று அழைப்பதை மலேசியத் தமிழருள் பலர் விரும்புவதில்லை. அவர் மனக்குறை முறையானதே. தாசேக் கெலுகோர்க் கடையில் மலாய் இளைஞர் ஒருவர் ‘மச்சா, தே ஓ ஐஸ் சத்து’ (பாலில்லாப் பனித்தேநீர் ஒன்று) என்று குரல் கொடுக்கும்போது, உள்ளிருந்து வரும் மறுமொழியைக் கேட்க வேண்டும். ‘சியாப் (ஆயத்தம்), மச்சா’ என்று பரிமாறுபவரும் அதே சொல்லைத் திருப்பிக் கொடுத்து, அதை இளைஞரும் இயல்பாக ஏற்றால், மாமன் மகனுக்கும் அத்தை மகனுக்கும் இடையே இருந்த அந்த இருபுறச் சமன்மை மொழிமாறியும் குலையவில்லை. மறுமொழி ‘பாங்’ (அண்ணன்) என்றோ ‘பாஸ்’ (முதலாளி) என்றோ வந்தால், சொல் தம்பியின் வழியில் இறங்கத் தொடங்கிவிட்டது. இச்சொல்லை ஆய முற்படும் இளையோர் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்காரும்போது அழைத்தவரின் குரலோடு நிறுத்திவிடாமல், பதில் குரலையும், இருவர் அகவையையும், யார் யாரை முதலில் அழைத்தார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.